புலியைத் தின்னும் பூச்சி

 

வேட்டையாடிப் பாடம் செய்து வைத்த விலங்குகளை அந்துப்பூச்சியிடமிருந்து எப்படிக் காப்பது? பூச்சி அரித்துவிட்டால் எப்படிச் செப்பனிடுவது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

அழைப்பிதழைப் பார்த்ததும் உங்களில் சிலருக்கு முகம் சுளித்திருக்கும். “கொன்றது பாவம். கொன்றதைக் காப்பாற்ற ஒரு கூட்டமா?” என்று கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்வி. வேட்டையை நான் ஒருநாளும் ஆதரித்தவன் அல்லன். துப்பாக்கியோடு புலியின் மேல் கால் வைத்து நிற்கும் பழைய படங்களைப் பார்க்கும்போது எனக்கும் வயிறு எரிகிறது. ஆகவே, பூச்சிக்குப் போகும் முன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புலி இறந்துவிட்டது. அதைச் சுட்டவரும் இறந்துவிட்டார். அவர் பெருமை பேசிய விருந்துகளும் முடிந்துவிட்டன. சுவரில் மிஞ்சியிருப்பது என்ன? இன்ன காட்டில், இன்ன காலத்தில் இப்படி ஓர் உயிர் நடமாடியது என்பதற்கான உடல் மிஞ்சியிருக்கிறது. அதன் தோலிலும் மயிரிலும் மரபணு இருக்கிறது. அது எதைத் தின்று வளர்ந்தது என்ற தடம் மயிரிலேயே பதிந்திருக்கிறது. அந்தக் காடு இன்று தேயிலைத் தோட்டமாகியிருக்கலாம். அணையின் அடியில் மூழ்கியிருக்கலாம். அந்தப் புலியை இனி எங்கே போய்த் தேடுவீர்கள்?

இதற்கு இரண்டு சான்று சொல்கிறேன்.

முதல் சான்று, டோடோ. மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து 17ஆம் நூற்றாண்டிலேயே பூண்டோடு அற்றுப்போன பறவை. அதன் உடல் ஒன்று இங்கிலாந்தில் டிரேட்ஸ்கன்ட் குடும்பத்தாரின் சேகரிப்பில் இருந்தது. பிறகு அது ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கு வந்தது. பராமரிக்கும் வழி தெரியாத காலம் அது. உடல் சிதைந்துகொண்டே போனது. 1755இல் பார்வையிட்டபோது மொத்தமாக உருக்குலைந்திருந்தது. தலையையும் ஒரு காலையும் மட்டும் எடுத்து வைத்தார்கள். மற்றது போயிற்று. இன்று உலகம் முழுவதும் தேடினாலும் தோலும் தசையும் ஒட்டிய டோடோ என்று இருப்பது அந்தத் தலையும் காலும்தான்! 2018இல் வார்விக் பல்கலைக்கழகத்தார் அந்தத் தலையை ஊடுகதிர் வைத்துப் பார்த்தார்கள். பின்மண்டையில் ஈயக் குண்டுத் துகள்கள் இருந்தன. அந்தப் பறவை சுடப்பட்டிருக்கிறது. முந்நூறு ஆண்டுக்கு மேல் யாருக்கும் தெரியாத குற்றம், எஞ்சிய ஒரு தலையால் வெளியே வந்தது. மற்ற பாகங்களும் இருந்திருந்தால் இன்னும் என்னென்ன சொல்லியிருக்குமோ!

இரண்டாவது சான்று, குவாகா. தென்னாப்பிரிக்காவின் வரிக்குதிரை வகை. கழுத்திலும் முன்னுடலிலும் வரி உண்டு. பின்னுடலில் வரி இல்லை. கடைசிக் குவாகா 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. கேப் டவுன் அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்யும் பணியில் இருந்தவர் ரைன்ஹோல்ட் ராவ். பழுதுபட்ட குவாகா உடல்களைப் பிரித்து மறுபடி அமைக்கும் வேலையை அவர் ஏற்றார். தோலைத் திறந்து பார்த்தால், உட்புறத்தில் காய்ந்த தசைத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இன்னொருவராக இருந்தால் சுரண்டிக் குப்பையில் போட்டிருப்பார். ராவ் எடுத்து வைத்தார். ஜெர்மனியின் மைன்ஸ் நகரக் குவாகாவிலிருந்து கிடைத்த அந்தத் துணுக்குகளிலிருந்துதான் 1984இல் அமெரிக்க அறிவியலாளர்கள் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அற்றுப்போன ஒரு விலங்கின் மரபணு மனிதன் கைக்கு வந்தது அதுவே முதல் தடவை. அதைச் சாத்தியமாக்கியது யார்? பழுது பார்த்த ஒரு கைவினைஞர்!

இப்போது சொல்லுங்கள். சுவரில் தொங்கும் அந்தத் தலையைக் குப்பையில் போடலாமா? பூச்சிக்கு விட்டுவிடலாமா?

நம் பக்கத்து வீட்டுக்கு வருவோம். 1900இல் மைசூரில் வான் இங்கன் என்ற நிறுவனம் தொடங்கியது. ஒரு குடும்பத்தின் தொழில். தந்தைக்குப் பின் மகன்கள் நடத்தினார்கள். மகாராஜாக்கள், வெள்ளைக்கார அதிகாரிகள், தோட்டத் துரைமார்கள் சுட்டவை எல்லாம் அங்கே போயின. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் புலியும் சிறுத்தையும் பாடம் செய்யப்பட்டன. காகிதக் கூழில் அச்சு வார்த்து, அளவுக்கேற்ற உடற்கூட்டை முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள். பதனிட்ட தோலை அதன்மேல் போர்த்தித் தைப்பார்கள். அவர்கள் கையிலிருந்து வந்த புலியின் முகத்தில் உதட்டின் மடிப்பும் மூக்கின் சுருக்கமும் உயிர்ப் புலியைப் போலவே இருக்கும். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் தொழில் ஒடுங்கி, 1990களின் இறுதியில் பட்டறை மூடப்பட்டது. சகோதரர்களில் கடைசியாக இருந்த ஜூபர்ட் வான் இங்கன் 2013இல் நூறு வயதைக் கடந்து மறைந்தார். அந்தக் கைகள் இனி இல்லை. அந்தக் கைகள் செய்தவை மட்டும் மலைத்தோட்டப் பங்களாக்களிலும், ஜமீன் மாளிகைகளிலும், பழைய கிளப்புகளிலும், கல்லூரி விலங்கியல் துறைகளிலும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை இன்று தின்றுகொண்டிருப்பது யார்?

துணி அரிக்கும் அந்துப்பூச்சி! சிறகு மடக்கி உட்கார்ந்தால் ஒரு நெல்மணி நீளம்கூட இராது. வைக்கோல் நிறம். விளக்கைத் தேடி வருகிற அந்து வேறு. இது இருட்டைத் தேடிப் போகிற அந்து. வெளிச்சம் பட்டால் பறக்காது, ஓடி ஒளியும். இன்னொன்றையும் கவனியுங்கள். பறக்கிற பூச்சி எதையும் தின்பதில்லை. தின்பதற்கு அதற்கு வாயே சரியாக இல்லை. முட்டையிடுவது ஒன்றே அதன் வேலை. நாற்பது, ஐம்பது முட்டைகளை மயிர்க்கால்களுக்கு இடையில் இட்டுவிட்டுச் செத்துப்போகும். தின்பது எல்லாம் புழுதான்.

மயிரைத் தின்று செரிப்பது லேசான காரியமா? மயிர், இறகு, நகம், கொம்புறை எல்லாம் கெரட்டின் என்ற புரதம். கந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டுண்ட புரதம். நாயும் பூனையும் அதை விழுங்கினால் அப்படியே வெளியே வரும். இந்தப் புழுவின் குடல் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஆகவே நமக்குக் கழிவாகத் தெரிவது அதற்கு விருந்து. அதிலும் சுத்தமான மயிரைவிட, எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் வியர்வைக் கறையும் ஏறிய மயிர்தான் அதற்குப் பிடிக்கும். தலையைத் தடவிப் பார்த்த கைகள் எத்தனை! அந்தப் பிசுக்கெல்லாம் புழுவுக்குச் சத்து. உணவும் வெப்பமும் ஒத்து வந்தால் இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். ஒத்து வராவிட்டால் இரண்டு ஆண்டுகூடப் புழுவாகவே இருந்து காத்திருக்கும். குளிர்நாடுகளில் பனிக்காலம் அதற்கு ஒரு தடை போடும். நம் ஊரில் அந்தத் தடையும் இல்லை. வருஷம் முழுவதும் அதற்குச் சாப்பாட்டு வேளைதான்.

எல்லாக் கொம்பையும் அந்து தின்னுமா என்று கேட்பவர்கள் உண்டு. கடமான், புள்ளிமான் கொம்பு எலும்பு. அதை அந்து சீந்தாது. காட்டெருது, வரையாடு, வெளிமான் கொம்பின் மேலுறை கெரட்டின். அதில் வாய் வைக்கும். கொம்பின் அடியில் பொடி தென்பட்டால் அலட்சியம் வேண்டாம்.

பெரியோர்களே, இந்தப் பூச்சி வந்திருக்கிறது என்று வீட்டில் முதலில் யாருக்குத் தெரியும்? முதலாளிக்கா? அருங்காட்சியகக் காப்பாளருக்கா? ஒரு மலைத்தோட்டப் பங்களாவுக்குப் போயிருந்தேன். கூடத்தில் காட்டெருதுத் தலை ஒன்று. வீட்டுக்காரர், “போன மாசம்வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்தது, திடீர்னு மயிர் கொட்டுது” என்றார். பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற அம்மா மெல்லச் சொன்னார்: “இல்லீங்க ஐயா. போன தையிலிருந்தே தினம் கொட்டுது. அந்த மாடு முகத்துக்கு நேர் கீழே மட்டும் மணல் மாதிரி பொடி. நானும் கூட்டிக் கூட்டி அள்ளிட்டேன். கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்.”

கேட்டிருந்தால்! நோயின் முதல் குறியை அந்த அம்மா மாதக் கணக்கில் தினமும் கண்ணால் பார்த்திருக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை. நான் அன்றிலிருந்து எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் முதலில் துப்புரவுப் பணியாளரைத்தான் தேடிப் போகிறேன். பூச்சிக் கண்காணிப்புப் பயிற்சி என்று அதிகாரிகளுக்கு நடத்துகிறோமே, அதில் முதல் நாற்காலி அவர்களுக்குப் போடப்பட வேண்டும். இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

அந்தத் தலையைக் கீழே இறக்கினோம். முன்பக்கம் பார்த்தால் கண்ணுக்குக் கீழே நாலணா அளவு வழுக்கை, அவ்வளவுதான். பின்பக்கம் திருப்பினோம். பலகைக்கும் கழுத்துக்கும் நடுவில் வெள்ளை வெள்ளையாக நூலாம்படை. தூரிகை நுனியால் காதின் அடிமயிரைப் பிரித்தேன். மயிர் வேரோடு வரவில்லை. சவரம் செய்த மாதிரி தோல் மட்டத்தில் அறுபட்டிருந்தது. அதனடியில் பட்டு நூலால் பின்னிய ஒரு குழாய். அதற்குள் பழுப்புத் தலையும் பால்நிற உடம்புமாகப் புழு நெளிந்தது. சுற்றிலும் கசகசா போல அதன் எச்சம், தின்ற மயிரின் அதே கரும்பழுப்பு நிறத்தில். காதின் மடலுக்குள், தாடைக்கு அடியில், கழுத்துத் தையலில் எல்லாம் இதே கதை. வெளிச்சமும் காற்றும் படாத இடம் எதுவோ அதுவே அதன் இடம். புலித்தோல் விரிப்பாக இருந்தால் அடியில் தைத்த கம்பளித் துணியைப் புரட்டிப் பாருங்கள். அது ஆட்டு மயிர்தானே! பூச்சி அங்கே தொடங்கிப் புலிக்கு ஏறும்.

வழுக்கை எல்லாம் அந்து செய்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மயிர் அறுபட்டு, நூலாம்படையும் மணல் போன்ற எச்சமும் இருந்தால் அந்து. தோலிலேயே துளை விழுந்து, சுணை நிறைந்த பழுப்புச் சட்டைகள் உதிர்ந்து கிடந்தால் அது தோல்வண்டு. அதன் புழு கழற்றிப் போட்ட சட்டை அது. மயிர் வேரோடு கொத்தாக வந்து, எச்சமே இல்லை என்றால், பூச்சிமேல் பழி போடாதீர்கள். சுட்ட அன்றே தோலை உரித்து உப்பிடாமல் அழுக விட்டிருப்பார்கள். அது எண்பது ஆண்டுக்கு முந்தைய பிழை. அதற்கு மருந்தடித்து என்ன பயன்?

பூச்சி உயிரோடு இருக்கிறதா, பழைய சேதமா? எளிய வழி இருக்கிறது. எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டு, தலைக்கு நேர் கீழே ஒரு வெள்ளைத்தாளை விரியுங்கள். ஒரு வாரம் விடுங்கள். தாளில் புதிதாகப் பொடி விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவதை மிகக் கவனமாகக் கேளுங்கள். பூச்சியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அந்தத் தோலுக்குள் இருக்கிறது. ஆர்சனிக்! நம் வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதுதான்.

18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகரில் பெக்கூர் என்ற மருந்தாளர் பறவைகளைப் பாடம் செய்துவந்தார். அவருடைய பறவைகளை மட்டும் பூச்சி தொடவில்லை. ரகசியம் என்ன? ஆர்சனிக்கையும் சோப்பையும் கற்பூரத்தையும் சுண்ணாம்பையும் காரத்தையும் சேர்த்து ஒரு பசை செய்து தோலின் உட்புறம் பூசியிருந்தார். உயிரோடு இருந்தவரை செய்முறையை அவர் வெளியிடவில்லை. 1777இல் அவர் மறைந்தபின், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நூல்களில் வந்தது, உலகமெங்கும் பரவியது. ஏறக்குறைய 1980கள் வரை ஆர்சனிக் பலர் கையில் புழங்கியது. வேறு சிலர் பாதரச உப்பைத் தேய்த்தார்கள். பிறகு டிடிடி வந்தது. இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் 19ஆம் நூற்றாண்டு விலங்குகள் இத்தனை முழுமையாக நிற்பதற்கு இந்த விஷமும் ஒரு காரணம். நன்றி சொல்ல வேண்டிய விஷம். ஆனால் அது இன்னும் சாகவில்லை! ஆர்சனிக் ஆவியாகிப் போவதில்லை, மக்கிப் போவதில்லை. நூறு ஆண்டு ஆனாலும் விஷம் விஷமே. கண்ணோரம், காதடி, தையல், நகக்கண் ஆகிய இடங்களில் வெண்மையான படிகமாகப் பூத்திருக்கலாம். பூக்காமல் கண்ணுக்குத் தெரியாமல் தூசியோடு தூசியாகவும் இருக்கலாம்.

அப்படியானால் அந்து எப்படி உள்ளே வந்தது? பசை தோலின் உட்புறத்தில் பூசப்பட்டது. மயிரின் நுனிக்கு அது எட்டுவதில்லை. ஆகவே பூச்சி மேய்கிறது என்பதால் விஷம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பழைய பாடம் எதுவானாலும் விஷம் உண்டு என்றே எண்ணித் தொடுங்கள். நைட்ரைல் கையுறை, தூசி வடிகட்டும் என்-95 முகக்கவசம், வேலை முடிந்ததும் தனியாகத் துவைக்கிற மேலங்கி ஆகியவை இல்லாமல் கை வைக்கக் கூடாது. சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாக அறை முழுவதும் ஊதிவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ளதுதான் வேண்டும். குழந்தைகள் புலியின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்களே, தாய்மார்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். அருங்காட்சியகம் என்றால் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியைத் தோலுக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். ஆர்சனிக்கும் பாதரசமும் இருந்தால், பொருளுக்குக் கீறல்கூட விழாமல் சில நிமிடத்தில் அது சொல்லிவிடும்.

பூச்சி வந்துவிட்டது என்றதும் நம் மக்கள் என்ன செய்கிறார்கள்? அந்துருண்டையை வாங்கிக் காதுக்குள் செருகுகிறார்கள்! பெட்டிக்குள் காற்றுப் புகாமல் அடைத்தால்தான் அந்துருண்டையின் ஆவி பூச்சியைக் கொல்லும் அளவுக்குச் சேரும். திறந்த கூடத்தில் அது பூச்சிக்குப் போதாது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தலைவலி. சிவப்பணுவில் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையிலுள்ள நாப்தலீன் இரத்தத்தையே உடைக்கும் என்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. சிலர் கரப்பான் மருந்தைத் தெளிக்கிறார்கள். எண்ணெய்க் கறை படிகிறது. மயிர்க்காலில் இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலர் வெயிலில் காய வைக்கிறார்கள். புலியின் செம்மஞ்சள் நிறம் வெளுத்து வைக்கோல் நிறமாகிறது. தோல் சுருங்கித் தையல் பிளக்கிறது. வேப்பிலையும் வசம்பும் வைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே புகுந்துவிட்ட புழுவை அவை வெளியேற்றா.

பிறகு என்னதான் வழி? குளிர்!

மருந்தில்லை, மணமில்லை, கறையில்லை. தலையை முதலில் தடித்த பாலித்தீனில் சுற்றி, உள்ளிருக்கும் காற்றை முடிந்தவரை வெளியேற்றி, மூட்டுகளை நாடாவால் அடைக்க வேண்டும். பின் ஆழ்குளிர்ப் பெட்டியில் வைக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழ் 18 பாகை என்றால் இரண்டு வாரம். பூஜ்யத்துக்குக் கீழ் 30 பாகை எட்டினால் மூன்று நாள் போதும். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி எல்லாம் மடியும். குளிரை மெல்ல மெல்ல இறக்காதீர்கள், பூச்சி பழகிக்கொள்ளும். சட்டென்று இறக்குங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்கவும் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே வைத்திருந்தால், வேர்வை பாலித்தீனுக்கு வெளியே படியும்; உள்ளே மயிர் நனையாது. அவசரப்பட்டுப் பிரித்தால் ஈரம் இறங்கி, பூச்சியை விட்டுப் பூஞ்சையைப் பிடித்த கதையாகும். அந்தப் பெட்டியை அதன்பின் உணவுக்கு ஒருநாளும் பயன்படுத்தாதீர்கள். பல்லும் தந்தமும் குளிரில் வெடிக்கக்கூடும். வாய் திறந்த புலித்தலையை, தேர்ந்த பாதுகாப்பாளர் பார்த்துச் சொல்லாமல் பெட்டியில் வைக்க வேண்டாம்.

முழுக் கரடி, முழு எருது என்றால் எந்தப் பெட்டியில் வைப்பது? அதற்கு மூச்சடைப்பு. காற்றே ஊடுருவாத உறைக்குள் வைத்து, ஆக்ஸிஜனை உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு முத்திரையிட வேண்டும். உள்ளே ஆக்ஸிஜன் அரைச் சதவீதத்துக்கும் நன்றாகக் கீழே இறங்க வேண்டும். 25 பாகை வெப்பத்தில் மூன்று வாரம் வைத்தால் போதும். நம் ஊர் வெப்பம் இந்த ஒரு விஷயத்தில் நமக்குத் துணை; சூடு கூடினால் பூச்சி வேகமாக மூச்சுவிடும், வேகமாகச் சாகும்.

பூச்சி மடிந்தது. இனி செப்பனிடலாமா? செப்பனிடலாம். ஆனால் எப்படி?

கழுவக் கூடாது. மென்மையான தூரிகையால், மயிர் படிந்த போக்கிலேயே, வாக்குவம் குழாயின் வாயில் வலைத்துணி கட்டி, குறைந்த இழுவிசையில் தூசியையும் எச்சத்தையும் எடுக்க வேண்டும். உதிர்ந்த மயிரைத் தூக்கி எறியாதீர்கள். சிறு உறையில் போட்டு, எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதி வையுங்கள். அது அந்த விலங்கின் சொந்த மயிர். ரைன்ஹோல்ட் ராவ் எடுத்து வைத்த துணுக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

வழுக்கையை மூடுவதுதான் கைத்திறன் வேண்டிய வேலை. ஜப்பானியக் காகிதம் என்று ஒன்று உண்டு. மெல்லியது, நார் நீளமானது, கிழியாதது. அதைத் தோலின் நிறத்துக்குத் தோய்த்து, வழுக்கையின் வடிவத்துக்கு வெட்டி, அதன்மேல் சாயமேற்றிய ஆட்டு மயிரையோ செயற்கை இழையையோ வரிசை வரிசையாக ஒட்ட வேண்டும். எங்கே தொடங்குவது? கூரை வேய்கிறவர் தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டுக்கு ஏறுவார் அல்லவா? அதுபோல வால் பக்கத்தில் தொடங்கி மூக்குப் பக்கமாக வர வேண்டும். அப்போதுதான் முன்வரிசை பின்வரிசையின் வேரை மூடும். பிறகு இந்தத் துண்டைத் தலையில் பொருத்துவோம். வெளிநாட்டுப் பாதுகாப்பாளர்கள் கோதுமை மாவுப் பசையை விரும்புகிறார்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது பூஞ்சையை அழைக்கும் என்பது என் கருத்து. மெத்தில் செல்லுலோஸ் பசை நல்லது. மரவேலைப் பசையைத் தொடவே வேண்டாம், கல்லாகிவிடும். நாளைக்கு நம்மைவிடத் திறமையானவர் ஒருவர் வருவார். நாம் ஒட்டியதை அவர் சேதமின்றிப் பிரிக்க முடிய வேண்டும்.

நிறம் வெளுத்தவற்றுக்கும் வழி இருக்கிறது. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், 1942இல் திறந்த வட அமெரிக்கப் பாலூட்டிகள் கூடம் விளக்கொளியில் வெளுத்துப் போயிருந்தது. மயிரை ஒட்டிக் கட்டியாக்காத சாயத்தை ஆராய்ந்து தேர்ந்து, மயிரின் இயல்பும் மினுமினுப்பும் கெடாமல் நிறத்தை மீட்டு, 2012இல் மறுபடி திறந்தார்கள். நம்மிடையே சிலர் தலைக்கு அடிக்கும் சாயத்தையும் சுவருக்கு அடிக்கும் வண்ணத்தையும் புலிக்கு அடித்திருக்கிறார்கள். அதை நான் பழுதுபார்ப்பு என்று சொல்ல மாட்டேன். இன்னொரு வேட்டை என்பேன்.

செய்த வேலையை மறைக்காதீர்கள். முன்னும் பின்னும் படம் எடுங்கள். என்ன பசை, என்ன மயிர், என்ன தேதி என்று எழுதிப் பலகையின் பின்னே ஒட்டுங்கள். அங்கே பழைய நிறுவனத்தின் சீட்டோ, சுட்ட இடமும் ஆண்டும் எழுதிய துண்டோ இருந்தால் அது பொன்னைப் போன்றது. இடமும் காலமும் தெரியாத தலை, சொல்ல வாயில்லாத சாட்சி. சீட்டைக் கிழிக்காதீர்கள்.

நண்பர்களே, சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் நான் பாதிதான் பேசியவன் ஆவேன். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேட்டைச் சின்னத்துக்கு உரிமைச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கின் சின்னத்தை இனி யாரும் விலைக்கும் வாங்க முடியாது, பரிசாகவும் பெற முடியாது. வாரிசுரிமை ஒன்றே வழி. அப்படி வாரிசாகப் பெற்றவரும் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். “தாத்தா காலத்துப் பொருள்தானே” என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பாடம் செய்யும் தொழிலுக்கு உரிமம் தேவை. ஆகவே கைக்குக் கிடைத்தவரிடம் கொடுக்காதீர்கள். வனத்துறைக்குத் தெரிவிக்காமல் வீட்டை விட்டு நகர்த்தாதீர்கள். வழுக்கையை மூட வேறொரு புலித்தோல் துண்டைத் தேடாதீர்கள், அது குற்றம். வைத்துக்கொள்ள விருப்பமில்லை, மனம் ஒப்பவில்லை என்றால், தானாக முன்வந்து ஒப்படைக்க 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருக்கிறது. பூச்சி தின்ன விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்படைக்கப்பட்ட தலைகள் கிடங்கின் மூலையில் அடுக்கப்பட்டால், ஒன்றிலிருந்த அந்து எல்லாவற்றுக்கும் பரவும். மாவட்டத்துக்கு ஒன்று வேண்டாம். மாநிலத்துக்கு இரண்டு மூன்று இடங்களிலாவது ஒரு பெரிய ஆழ்குளிர்ப் பெட்டி, பயிற்சி பெற்ற இரண்டு பேர், வந்த ஒவ்வொன்றையும் படமெடுத்துப் பதிகிற ஓர் ஏடு ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள். இதற்குக் கோடிகள் தேவையில்லை.

மாணவர்களே, உங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏதாவது ஒரு விலங்கு நிற்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நாளைக் காலை போனதும் அந்தப் பெட்டியின் தரையைக் கண்ணாடி வழியே உற்றுப் பாருங்கள். பொடி கிடந்தால் உங்கள் பேராசிரியரிடம் அன்றே சொல்லுங்கள். வீட்டில் வைத்திருக்கும் பெரியோர்களே, தலைக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரியுங்கள். வீட்டைக் கூட்டும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.